ரெட் ஹார்ட் டிஸ்க் எஸ்எம்ஆர் சர்ச்சை

வீட்டு நாஸ் (வலையமைப்புச் சேமிப்பு) பெட்டிகளுக்கென்றே விற்ற 'ரெட்' வரிசை ஹார்ட் டிஸ்க்குகள் சிலவற்றில் பதிவு முறையை சிஎம்ஆரிலிருந்து எஸ்எம்ஆருக்கு மாற்றியதை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் வாங்குவோருக்குச் சொல்லாததால் 2020 ஏப்ரலில் வெடித்த சர்ச்சை.

பழைய சிஎம்ஆர் முறையில் தடங்கள் ஒன்றையொன்று தொடாமல் அமையும். எஸ்எம்ஆர் முறையில் அவை கூரை ஓடுகளைப் போல ஒன்றன் விளிம்பில் ஒன்று ஏறி நிற்கும். படிக்கும் முனை எழுதும் முனையைவிடக் குறுகலானது என்பதால் இது சாத்தியமாகிறது. இடம் மிச்சம்தான். ஆனால் நடுவில் ஒரு தடத்தைத் திருத்த, அதையடுத்த தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். டிஸ்க் இந்த வேலையைத் தற்காலிகப் பகுதியொன்றில் தேக்கி, ஓய்வு கிடைக்கும்போது முடிக்கிறது.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டு அணியில் பழுதான டிஸ்க்கை மாற்றித் தரவை மீட்கும்போது அந்த ஓய்வே கிடைக்காது. இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையைப் பயன்படுத்தியோர் பலரின் புது டிஸ்க்குகள் பிழை காட்டி அணியிலிருந்து விலகின. ஒரு சோதனையில், மணிக்கணக்கில் முடிய வேண்டிய மீட்பு 9 நாள்களுக்கு மேல் இழுத்தது. எந்த வேலைக்கென்று வாங்கினார்களோ, அதிலேயே டிஸ்க் தடுமாறியது.

வெளியே தெரிந்த அடையாளம் மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள் மட்டுமே: 2 முதல் 6 டெராபைட் வரையிலானவற்றில் 'இஎஃப்ஆர்எக்ஸ்' பழையது, 'இஎஃப்ஏஎக்ஸ்' புதியது. 8 டெராபைட்டில் அதே 'இஎஃப்ஏஎக்ஸ்' சிஎம்ஆரைக் குறித்தது. எழுத்தைப் பார்த்து வாங்கியவரும் ஏமாறலாம்.

சீகேட், டோஷிபா நிறுவனங்களும் சில மேசைக்கணினி டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் இருப்பதைக் குறிப்பிடாதது அப்போதே வெளிவந்தது. எந்த டிஸ்க்கில் எந்த முறை என்ற பட்டியலை வெஸ்டர்ன் டிஜிட்டல் வெளியிட்டது. 2020 ஜூனில் சிஎம்ஆர் டிஸ்க்குகளை 'ரெட் பிளஸ்' எனப் பிரித்தது. அமெரிக்காவில் வாங்கியோர் கூட்டு வழக்கும் தொடுத்தனர்.