திரும்பி வர ஒரு கதவு

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். பாக்கிப் பணத்துக்காக எங்கள் நிறுவனம் போட்டிருந்த வழக்கு விசாரணை நாளன்று நீதிமன்ற வராந்தாவிலேயே முடிந்தது. ஆறு தவணை, கையெழுத்து, கைகுலுக்கல். மூன்றாவது தவணையோடு பணம் நின்றுபோனது.

“கோர்ட்லதானே முடிச்சோம், திரும்பிப் போலாமே” என்றேன்.

“வழக்கை மீட்டுக்கிட்டோமே தம்பி. இனி அது வெறும் ஒப்பந்தம்தான். புதுசா வழக்கு போடணும்” என்றார் எங்கள் லாயர். டாம்லின் என்ற பெயரை அவர் வாயிலிருந்துதான் முதலில் கேட்டேன்.

தாமஸ் டாம்லின் லண்டன் உயர்நீதிமன்றத்தின் சான்சரி பிரிவு நீதிபதி. அந்தக் காலத்தில் வழக்காடிகள் சமரசமானால் நிபந்தனைகளை ஓர் அட்டவணையில் எழுதி ஆணையோடு இணைப்பார்கள். வழக்கின் மேல்நடவடிக்கை எல்லாம் நிறுத்தப்படும். சிக்கல் அங்கேதான். எல்லாமே நின்றுவிட்டால், ஒருவர் வாக்குத் தவறும்போது எந்த வழக்குக்குள் போய்க் கேட்பது? 1927-இல், டாஷ்வுட் வழக்கைத் தொடர்ந்து, டாம்லின் ஒரு நடைமுறைக் குறிப்பு தந்தார். திரும்பி வரும் உரிமை வேண்டுமென்றால் அதை ஆணையிலேயே வெளிப்படையாக எழுத வேண்டும்: நிபந்தனைகளை நிறைவேற்றுவதற்குத் தவிர மற்ற நடவடிக்கைகள் நிறுத்தப்படுகின்றன, அதற்காக நீதிமன்றத்தை அணுக இரு தரப்புக்கும் அனுமதி உண்டு. இரண்டே வரி. அதைத்தான் இன்றும் டாம்லின் ஆணை என்கிறார்கள்.

ஆங்கிலேயச் சட்ட மரபு வழியாக இந்த வடிவம் மலேசிய, சிங்கப்பூர் நீதிமன்றங்களுக்கும் வந்து சேர்ந்தது. இதன் பக்கத்திலேயே இணக்கத் தீர்ப்பு என்று இன்னொன்று இருக்கிறது. அதில் நிபந்தனைகளே தீர்ப்பாகிவிடும். மீறினால் நேராக அமலாக்கத்துக்குப் போகலாம். டாம்லின் ஆணையில் நிபந்தனைகள் ஒப்பந்தமாகவே இருக்கும். முதலில் அவற்றை நிறைவேற்றச் சொல்லி அதே நீதிமன்றத்தில் ஓர் ஆணை வாங்க வேண்டும். இதில் ஒரு படி கூடுதல். ஆனால் நீதிபதி தீர்ப்பில் தர முடியாததையும், ஒரு மன்னிப்புக் கடிதத்தையோ அடுத்த குத்தகையையோகூட, இதில் எழுதிக்கொள்ளலாம். ரகசியமாகவும் வைக்கலாம்.

மலேசியாவின் 2012 சமரசச் சட்டமும் இதே கவலையைத் தொடுகிறது. வழக்கு நடக்கும்போது சமரசம் எட்டினால், அதை நீதிமன்றத்தில் இணக்கத் தீர்ப்பாகப் பதிவு செய்துகொள்ள அது வழி தருகிறது.

எங்கள் தாளில் இவை எதுவுமே இல்லை. புது வழக்குக்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்த்து மேலாளர் கோப்பை மூடிவிட்டார். இப்போது சமரசத் தாள் ஏதாவது என் மேசைக்கு வந்தால், தொகையைப் பார்ப்பதற்கு முன் அந்த இரண்டு வரியைத்தான் தேடுகிறேன்.