ஹாஃப் கேப்

ஹாஃப் கேப், அமெரிக்காவின் வான்ஸ் நிறுவனம் 1992-இல் வெளியிட்ட ஸ்கேட்போர்டு ஷூ. கழுத்துப்பகுதி கணுக்கால் எலும்பை ஒட்டி நிற்பதால் மிட்-டாப் எனப்படும் நடுவுயர வகையைச் சேர்ந்தது.

தோற்றம்

பால் வான் டோரனும் கூட்டாளிகளும் 1966-இல் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் வான்ஸைத் தொடங்கினர். தடித்த ரப்பர் சோலும் அதன் வாஃபிள் வரிகளும் பலகையில் நன்றாகப் பிடித்ததால் ஸ்கேட்டர்கள் வான்ஸ் ஷூக்களை நாடினர். போன்ஸ் பிரிகேட் ஸ்கேட்போர்டு குழுவின் ஸ்டீவ் கபயேரோ பெயரில் 1989-இல் உயரக் கழுத்து ஷூ ஒன்று வந்தது. சரிவுத்தளத்தில் பாய்ந்தவர்களுக்கு அது ஏற்றது. ஆட்டம் தெருவுக்கு இறங்கியதும் கணுக்கால் தாராளமாக மடங்கவேண்டியிருந்தது. இளைஞர்கள் கழுத்தைக் கத்தரித்து, விளிம்பில் டேப் ஒட்டிக்கொண்டனர். அவர்கள் வெட்டிய உயரத்தையே நிறுவனம் ஹாஃப் கேப் ஆக்கியது. ஆக, இதன் வடிவமைப்பாளர்கள் ஸ்கேட்டர்களே. பின்னோக்கி உருண்டபடி எழும்பி முழுவட்டம் சுழலும் கபயேரோவின் வித்தை ‘கபயேரியல்’. அதில் பாதி, அதாவது 180 பாகைச் சுழற்சி, ‘ஹாஃப் கேப்’. பாதியாகக் குறைந்த ஷூவுக்கு அப்பெயர் இரட்டைப் பொருத்தம்.

பொருத்தம்

மேற்பகுதி ஸ்வேட் தோல். பழகப் பழக அகலத்தில் சற்று இளகும், நீளத்தில் இளகாது. எனவே பக்கங்களில் லேசான இறுக்கம் பரவாயில்லை; விரல்நுனி முட்டினால் அடுத்த அளவே சரி. கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில், வழக்கமான காலுறையோடு போட்டுப் பார்க்கவேண்டும். குந்தி உட்காரும்போது கழுத்தின் விளிம்பு எலும்பில் குத்தக்கூடாது. நடக்கும்போது குதிகால் மேலெழக்கூடாது. பஞ்சு வைத்த கழுத்து பலகை இடிப்பதைத் தாங்கும். சுளுக்கைத் தடுப்பது அதன் வேலையன்று.

வசதியும் மதிப்பும்

சோலையும் மேற்பகுதியையும் ரப்பர் பட்டை சுற்றி இணைத்துச் சூட்டில் பதப்படுத்துவது வல்கனைசிங் முறை. இதனால் சோல் எளிதில் வளைகிறது. பலகையின் அசைவு பாதத்துக்குத் தெரிகிறது. நாள்முழுதும் நிற்பவருக்கு அதே வளையும் சோல் அலுப்புத் தரும். பலகையின் மணல்தாள் சுண்டுவிரல் பக்கத்தை முதலில் அரிக்கும். கேன்வாஸ் கிழியும் இடத்தில் ஸ்வேட் தாக்குப்பிடிக்கும். விலைக்கேற்ற உழைப்பு அங்கேதான்.

வான்ஸ் 2004 முதல் வி.எஃப். குழுமத்தின் கையில் இருக்கிறது. ஹாஃப் கேப் இன்றும் விற்பனையாகிறது.