தனுஷ்கோடியின் மணலும் ஒரு மனையும்

அத்தை மகன் போன மாதம் போன் பண்ணினான். தங்கச்சிமடம் பக்கம் ஆறு சென்ட் மனை பார்த்திருக்கிறானாம். "பட்டா, வில்லங்கம் எல்லாம் பாத்தாச்சு மச்சான். அட்வான்ஸ் குடுத்துரவா?" என்றான். "மண்ணைப் பாத்தியா?" என்று கேட்டேன். "மணல்தான். அதுல பாக்க என்ன இருக்கு?" என்றான். இருபது வருஷம் வெளிநாட்டில் சேர்த்த காசு அது. அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதி வைக்கிறேன்.

மனைக்கு மண் பார்க்கும் வழக்கம் பழையது. 6-ஆம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதையிலேயே குழிச் சோதனை இருக்கிறது. ஒரு முழம் குழி தோண்டி, எடுத்த மண்ணையே திரும்பப் போட வேண்டும். மண் மிஞ்சினால் உத்தமம், சரியாக நிரம்பினால் மத்திமம், குறைந்தால் ஆகாது. மண் எவ்வளவு இறுக்கம் என்று இது ஓரளவு சொல்லும். ஆனால் ராமேஸ்வரம் தீவில் இது மட்டும் போதாது. அடியில் என்ன இருக்கிறது, தண்ணீர் எங்கே நிற்கிறது, கடல் எவ்வளவு தூரம் என்று மூன்றும் தெரிய வேண்டும்.

ஏனென்றால் தீவு முழுக்க ஒரே மண் இல்லை. பாம்பனை ஒட்டிய வடகரையில் பழைய பவளப் பாறை மேலெழுந்து கிடக்கிறது. அதன் வயது சுமார் 4000 ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் மணல். தென்கிழக்கே வால் போல நீளும் தனுஷ்கோடிப் பக்கம் இருபுறமும் கடல், நடுவே வெறும் மணல்.

அந்த மணலில்தான் ஒரு துறைமுக ஊர் எழுந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் தண்டவாளம் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். இலங்கைக்குப் பக்கம் என்பதால் அந்த முனையைத் தேர்ந்தெடுத்தார்கள். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்க அலுவலகம், தேவாலயம், பள்ளி எல்லாம் வந்தன. மன்னார் வளைகுடாவைப் பார்த்த தென்பகுதி 1948, 49-இல் ஏறக்குறைய 5 மீட்டர் தாழ்ந்தது என்கிறது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆய்வு. அரை கிலோமீட்டர் அகலத்துக்கு நிலம் கடலுக்குள் போயிற்று. ஆனாலும் ஊர் அங்கேயே இருந்தது.

1964 டிசம்பர் 22 இரவு புயல் வந்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைப் பயணிகளோடு அலை கொண்டுபோயிற்று. அதன்பின் அரசு அந்த ஊரை மக்கள் வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. சேதமான பாம்பன் பாலத்தை 46 நாளில் சரி செய்துவிட்டார்கள். தனுஷ்கோடித் தண்டவாளம் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை.

இதை வைத்து மணலே கெட்டது என்று சொல்லிவிட முடியாது. நன்றாக இறுகி, பக்கவாட்டில் நகர வழியில்லாமல் அடைபட்டிருக்கும் மணல் கட்டடத்தைத் தாங்கும். அலையோ வெள்ளமோ அடியில் அரிக்கும் இடத்தில்தான் ஆபத்து. அதே தனுஷ்கோடியில் மீனவப் பெண்கள் இன்றும் மணலைத் தோண்டி, ஊறி வரும் நல்ல தண்ணியைச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்புகிறார்கள். தங்கச்சிமடம் மல்லிகை நாற்று வெளியூர்த் தோட்டங்களுக்கெல்லாம் போவதும் இந்த மணலின் தயவில்தான்.

மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. 1888-இல் ஒரு டச்சுக்காரரும் 1901-இல் ஒரு ஜெர்மானியரும் தனித்தனியே கண்டு சொன்னது. கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு மேலே ஒரு அடி இறக்கினால், நாளாவட்டத்தில் கீழே உப்பு 40 அடி ஏறிவிடும். நம் ஆட்கள் ஆழம் குறைந்த ஊற்றோடு நிறுத்திக்கொண்டதன் அர்த்தம் இதுதான். இன்று மனை விற்பவர் "ஆழமா போர் போட்டுக்கலாம் சார்" என்கிறார்.

தம்பிக்கு நான் சொன்னது இவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் கிணற்றுத் தண்ணியைச் சித்திரை வெயிலில் ஒரு தடவை குடித்துப் பார். மழை முடிந்ததும் இன்னொரு தடவை. பத்தடிக்குக் குழி வெட்டி, பாறையா மணலா களிமண்ணா என்று பார். மனையில் கிடக்கும் மணலையே கான்கிரீட்டுக்கு அள்ளாதே, உப்பு கம்பியைத் தின்றுவிடும். கலக்கும் தண்ணியையும் லேபில் கொடு, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஒரு லிட்டரில் குளோரைடு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அலைக் கோட்டிலிருந்து தூரத்தையும் அள, 1991-லிருந்து கரையோரம் கட்டுவதற்குத் தனி விதி இருக்கிறது.

நேற்று போன் வந்தது. "கிணத்துத் தண்ணி கரிக்குது மச்சான். பக்கத்துல நாலு போர் ஓடுது" என்றான். அட்வான்ஸ் அவன் கையிலேயே இருக்கிறது.