பவுண்ட் அடித்த எழுபது வரிகள்

யாப்பைக் கற்றுவிட்டு மீறு என்று பண்டிதர்கள் புதுக்கவிதைக்காரர்களுக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள். பதிலுக்கு நம்மவர்கள் எலியட்டைக் காட்டுவது வழக்கம். எலியட் என்ன செய்தார் என்பதில் இரு தரப்புக்கும் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

‘ப்ரூஃப்ராக்’ 1915இலேயே அச்சாகிவிட்டது. அதற்குப் பிறகுதான், சுயேச்சைக் கவிதை மலிந்துவிட்டதென்று எலியட்டும் எஸ்ரா பவுண்டும் பிரெஞ்சுக் கவிஞர் கோத்தியேயின் கறாரான நாலடிச் செய்யுட்களிடம் பாடம் கேட்கப் போனார்கள். 1920 தொகுப்பில் அதன் பலனைக் காணலாம். மீறியவர் திரும்பி வந்து படித்தார் என்பதே வரலாறு.

‘வேஸ்ட் லாண்ட்’ 1922இல் வந்தது. அதன் கைப்பிரதிகள் நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கும் செய்தி 1968இல்தான் வெளிப்பட்டது. 1971இல் வாலரி எலியட் அவற்றை நகல்பதிப்பாகக் கொண்டுவந்தார். மூன்றாம் பகுதியின் தொடக்கத்தில் சுமார் 70 வரிகள், ஃப்ரெஸ்கா என்ற சீமாட்டியின் காலைப்பொழுதைப் பரிகசிப்பவை. பதினெட்டாம் நூற்றாண்டுப் போப்பின் பாணியில் இரண்டிரண்டாக இயைபு பொருந்திய அடிகள். பவுண்ட் அவற்றை அடித்துவிட்டார். காரணத்தை எலியட்டே 1928இல் எழுதியிருக்கிறார்: போப் இதை நன்றாகவே செய்து முடித்துவிட்டார், அவரைக் கேலி செய்வதற்கும் அவரைவிட நன்றாக எழுத வேண்டும், அது உன்னால் ஆகாது. நம்மூரில் இப்படிச் சொன்னால் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

எலியட் 1917 முதல் 1925 வரை லண்டனில் லாயிட்ஸ் வங்கி ஊழியர். பேரேட்டில் பிசகான பதிவைச் சுரண்டி எடுக்கக் கூடாது, கீழே இருப்பது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். டைப்பிஸ்ட் பெண்ணின் மாலைக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். முதலில் அது ஒன்றுவிட்ட அடிகளில் இயைபு அமைந்த ஒழுங்கான நாலடிகளாக எழுதப்பட்டது. பவுண்ட் இடையிடையே வெட்டினார். செய்யுள் உடைந்தது, இயைபுகள் பல அங்கங்கே தங்கிவிட்டன. காது ஒரு ஓசையை எதிர்பார்க்கிறது. சில இடங்களில் கிடைக்கிறது, சில இடங்களில் ஏமாறுகிறது. அந்த அறையின் சலிப்பே இந்த ஏமாற்றத்தில்தான் இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே சுயேச்சைக் கவிதையாக எழுதியிருந்தால் இது சித்தித்திராது என்று நினைக்கிறேன்.

காட்சியின் முடிவில், வந்தவன் போன பிறகு அவள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு கிராமபோனில் இசைத்தட்டு வைக்கிறாள். அங்கே நாலடி முழுசாக, ஒரு இயைபும் சிதையாமல் நிற்கிறது. யந்திரம் பாடத் தொடங்கும்போது யாப்பும் ஒழுங்காக வந்துவிடுகிறது.