சிரிக்கத் தெரிந்த காஞ்சி

வரலாற்றைப் பெரும்பாலும் வென்றவரின் பெருமிதமே எழுதுகிறது. கி.பி. 634ஆம் ஆண்டின் அய்கொளே கல்வெட்டு, சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் படைக்கு முன் பல்லவ வேந்தன் காஞ்சியின் மதிலுக்குள் ஒடுங்கினான் என முழங்குகிறது. அவ்வேந்தன் முதலாம் மகேந்திரவர்மன் என்பர் ஆய்வாளர். அவனோ 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் வடமொழி நகைச்சுவை நாடகத்தை இயற்றியவன். அதன் கதை காஞ்சித் தெருக்களிலேயே நிகழ்கிறது. நாய் கவ்விச் சென்ற கபாலத்துக்காக, மதுவுண்ட காபாலிகன் பௌத்தத் துறவியோடு வழக்காடுகிறான். நீதிமன்றத்தின் கையூட்டும் அங்கே நகைப்புக்குள்ளாகிறது. தன் தலைநகரின் குறைகளைத் தானே எள்ளி நகையாட அவ்வரசன் அஞ்சவில்லை.

2006இல் வெளிவந்த 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' திரைப்படத்தில், வடிவேலு ஏற்ற கோழை மன்னன் வேறொருவனின் கட்டுடல்மீது தன் முகத்தை வரையச் செய்கிறான். மெய்க்கீர்த்திகளின் மிகையை அறிந்த நம் மக்கள் வாய்விட்டுச் சிரித்தனர்.

திருவிவிலியமோ தாவீதின் பாவத்தையும் நாத்தானின் கண்டனத்தையும் மறைக்காமல் உரைக்கிறது. அன்பர்களே, நம் பங்குகளின் நூற்றாண்டு மலர்கள் எவ்வகையைச் சேர்ந்தவை? கொடையாளர் பெயர்கள் பளிங்கில் ஒளிர்கின்றன. ஆலயத்தினுள்ளேயே சாதியால் ஒதுக்கி அமர்த்தப்பட்டோரின் கண்ணீருக்கு அவற்றில் ஒரு பக்கமேனும் உண்டா? அடுத்த மலரில் அப்பக்கத்தையும் எழுதுவோம்.