இடாப்பில் ஏறிய பெயர்

ஒரு நாட்டின் ஜனநாயக வரலாற்றை அதன் அரசியலமைப்பு ஏடுகளிலிருந்து மாத்திரம் அறிந்துவிட இயலாது. அந்நாட்டில் யார் யாருடைய பெயரை எழுதினார்கள், எதன் பொருட்டு எழுதினார்கள், எழுதப்பட்ட பெயர் பின்னர் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பனவற்றையும் ஆராய வேண்டும். இன்று கைத்தொலைபேசியும் கணினியும் மனிதனது பேச்சையும் நடமாட்டத்தையும் ஓயாது பதிந்து வைக்கின்றன. இதனைப் புதுயுகத்தின் புதுப்பிரச்சினை என்றே பலரும் கருதுகின்றனர். கருவி புதியது, பிரச்சினை பழையது. அந்தரங்கத்துக்கான உரிமையைப் பற்றிப் பேச்செடுத்தால், "மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவன் எதற்காக அஞ்ச வேண்டும்?" என்று கேட்போர் கற்றோர் மத்தியிலும் உளர். அக்கேள்விக்கு வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் தமது வரலாற்றினாலேயே விடை கூறியிருக்கின்றன.

வாக்காளர் இடாப்பை எடுத்துக்கொள்வோம். 1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியலமைப்பின் வழி இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. ஆணும் பெண்ணும், செல்வரும் வறியரும் தத்தம் பெயரை இடாப்பிற் காண்பது ஓர் உரிமைப் பேறாகக் கொள்ளப்பட்டது. இடாப்பிலே பெயரும் வீட்டிலக்கமும் வீதியும் இருந்தன. மறைப்பதற்கு அவற்றில் என்ன இருக்கிறது? 1983 யூலை 24ஆம் திகதி இரவு பொரளையிலே தொடங்கிய வன்செயல் அடுத்த நாள் தலைநகர் எங்கும் பரவியபோது, கும்பல்கள் சில வாக்காளர் இடாப்புகளுடன் வந்தன. வீடு வீடாகப் பார்த்து, தமிழர் வாழும் இல்லங்களையும் அவர்தம் கடைகளையும் தெரிந்தெடுத்துத் தீயிட்டன. அவ்விடாப்பில் இனம் என்றொரு நிரல் இருக்கவில்லை, பெயரே போதுமானதாயிற்று. வாக்களிப்பதற்காகப் பெயர் கொடுத்தவன், அப்பெயராலேயே அடையாளம் காணப்பட்டு வீடிழந்தான். அவன் எதையும் மறைத்தவனல்லன். சட்டத்துக்கு அடங்கித் தன் விபரத்தை ஒப்புவித்தவன்.

இது நமக்கு மட்டும் நேர்ந்த அவலம் அன்று. ஒல்லாந்து நாட்டிலே நல்லாட்சியின் சின்னமாக மதிக்கப்பட்ட குடிப்பதிவு முறை ஒன்று இருந்தது. ஒவ்வொருவரின் முகவரியோடு மதமும் அதிற் குறிக்கப்பட்டிருந்தது. 1940இல் ஹிட்லரின் படைகள் அந்நாட்டைக் கைப்பற்றியபோது அப்பதிவேடு ஆக்கிரமிப்பாளரின் கைக்கு மாறியது. அங்கு வாழ்ந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஓர் இலட்சத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். 1943 மார்ச் 27ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் நகரின் குடிப்பதிவகத்துக்கு எதிர்ப்பியக்கத்தினர் சிலர் தீ வைத்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர்களுள் ஓவியரும் எழுத்தாளருமான வில்லெம் அரொண்டேயுஸ் ஒருவர். அவர் உள்ளிட்ட பன்னிருவர் அவ்வாண்டு யூலை மாதத்திற் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு பெயரட்டைக்குள் எத்தனை உயிர் அடங்கியிருக்கிறதென்பதை அக்கலைஞர்கள் அறிந்திருந்தனர்.

அந்தப் பாடத்தை ஐரோப்பா மறக்கவில்லை. நம் தலைநகர் எரிந்த அதே 1983ஆம் ஆண்டின் டிசம்பர் 15ஆம் திகதி, மேற்கு ஜேர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் குடித்தொகைக் கணக்கெடுப்பு வழக்கிலே ஒரு தீர்ப்பு வழங்கியது. தன்னைப் பற்றிய தகவல் எவ்வாறு பயன்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை தனி மனிதனுக்கு உண்டு என்றும், கணினி வந்தபின் அற்பமான தகவல் என்று எதுவும் இல்லை என்றும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. அயல்நாடான இந்தியாவிலே 2017 ஓகஸ்ட் 24ஆம் திகதி ஒன்பது நீதியரசர்கள் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தனர். நமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் பேச்சுரிமை கூறப்பட்டுள்ளது. அந்தரங்க உரிமை தனியொரு உரிமையாகக் கூறப்படவில்லை.

இங்கோ பதிவு முறை வேறு திசையில் வளர்ந்தது. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்பட்டது. போர்க்காலத்திலே அவ்வட்டையிற் குறிக்கப்பட்ட பெயரும் பிறந்த இடமும் சோதனைச் சாவடியில் ஒருவனது தலைவிதியை நிர்ணயிப்பனவாயின. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கோ, தொழிலுக்கோ, வெளிநாட்டுப் பயணத்துக்கோ கொழும்புக்கு வந்தவர், தாம் தங்கும் இடத்தைப் பொலிஸாருக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையிலே கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை முதலிய இடங்களிலுள்ள விடுதிகளுக்குள் பொலிஸார் புகுந்து, 376 தமிழரைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். சொந்த நாட்டின் தலைநகரில் தங்குவதற்குக் காரணம் காட்டும்படி குடிமக்கள் கேட்கப்பட்டனர். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. பிரதமர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். ஆயினும் பதிவு நிற்கவில்லை. 2008 செப்ரெம்பர் 21ஆம் திகதி, முந்திய ஐந்தாண்டுகளுள் வடக்கிலிருந்து மேல் மாகாணத்துக்கு வந்த யாவரும் பொலிஸாரிடம் மீண்டும் பதிய வேண்டுமென உத்தரவாயிற்று. வரிசையில் நின்றவர்களுள் ஆசிரியர் இருந்தனர், மாணவர் இருந்தனர், முதியோர் இருந்தனர். குற்றம் எதுவும் சுமத்தப்படாமலே சந்தேகத்துக்குரியோர் என்னும் இடாப்பில் அவர்கள் ஏற்றப்பட்டனர்.

இடாப்பு எவ்வாறோ, சட்டமும் அவ்வாறே. பிறந்த காரணம் நீங்கியபின்னும் அது உயிர் வாழ்ந்து, வேறு காரியங்களுக்கு உதவுகிறது. 1947ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்தின்போது அரசாங்க எழுதுவினைஞர் கந்தசாமி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். தொழிலாளர் போராட்டம் உச்சமடைந்த அந்நாட்களிற் பிறந்ததே பொதுப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். பின்னர் வந்த அவசரகால ஆட்சிகளும் பத்திரிகைத் தணிக்கைகளும் அதன் மீதே எழுப்பப்பட்டன. 1979இல் மூன்றாண்டுக்கு எனக் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. மனித உரிமையைக் காப்பதற்கென்று 2007இல் இயற்றப்பட்ட சர்வதேச சமவாயச் சட்டத்தின் கதியும் இத்தகையதே. சக்திக சத்குமார என்னும் சிங்கள எழுத்தாளர் முகநூலிலே வெளியிட்ட ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் இச்சட்டத்தின் கீழ்க் கைதாகி, நான்கு மாதங்களுக்கு மேல் சிறையிருந்தார். 2020 ஏப்ரலில் ரம்ஸி ராஸிக் என்பவர், இனவாதத்துக்கு எதிராகக் கருத்துப் போர் நடத்த வேண்டுமென முகநூலில் எழுதியமைக்காகக் கைதானார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரிற் கூறியது. சிறையிற் கழிந்த மாதங்களை அத்தீர்ப்பால் மீட்டுத்தர முடியவில்லை.

ஆசிரியர்களாகிய நாம் மறக்கக்கூடாத பெயர் இன்னொன்று உண்டு. 2020 மே மாதத்தில் அஹ்னாப் ஜஸீம் என்னும் இளம் ஆசிரியர், 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுதியைக் காரணங்காட்டி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டார். ஒன்றரை ஆண்டுக்கு மேல் அவர் தடுத்து வைக்கப்பட்டார். 2023 டிசம்பரிலே புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சிங்களவர் ஒருவர், முஸ்லிம்கள் இருவர். தமிழனைக் குறிவைத்துக் கூர்மையாக்கப்பட்ட ஆயுதம், தமிழனோடு நின்றுவிடவில்லை. ஓரினத்தின் சுதந்திரம் பறிபோனபோது மற்றையோர் வாளாவிருந்தால், அப்பறிப்பு அவர்கள் வாயிலுக்கும் வந்து சேரும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இந்தப் பின்னணியிலேதான் 2024 சனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை மதிப்பிட வேண்டும். பெண்களையும் சிறுவரையும் இணையத் துன்புறுத்தலிலிருந்து காத்தல் அதன் நோக்கங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. அந்நோக்கம் நன்று, அதனை இகழ்வோர் எவருமில்லை. ஆனால் எது பொய்யான கூற்று, எது தடைசெய்யப்பட்ட கூற்று என்று கூறும் அதிகாரம் ஐவர் கொண்ட ஓர் ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசு முன்னர் இவ்வதிகாரத்தை எவ்வாறு கையாண்டது என்பதும் நாம் அறியாததன்று. 2007 யூனில் 'தமிழ்நெற்' தளம் தடுக்கப்பட்டது. 2022 ஏப்ரலின் தொடக்கத்திலே, உணவுக்கும் எரிபொருளுக்கும் மக்கள் வீதியில் இறங்கியபோது, சமூக ஊடகங்கள் மணிக்கணக்கில் முடக்கப்பட்டன.

பாதுகாப்புக்காகச் சிறிது சுதந்திரத்தை இழத்தல் தகாதோ என்று கேட்போரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். இந்நகரத்திலே குண்டுகள் வெடித்தன; அப்பாவி மக்கள் மாண்டனர். எனினும் கொட்டாஞ்சேனையின் வரலாற்றையே மறுபடியும் நோக்குவோம். ஆண்டாண்டாக வீடு வீடாய்ப் பெயர் எழுதப்பட்ட அப்பகுதியிலே, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்தில், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு வழிபாட்டின்போது குண்டு வெடித்தது. தாக்குதல் வரப்போவதாக இந்தியாவிலிருந்து எச்சரிக்கை இரண்டு வாரங்களுக்கு முன்னரே கிடைத்திருந்தது. முன்னாள் ஜனாதிபதியும் பாதுகாப்பு உயரதிகாரிகளும் தம் கடமையிலே தவறினர் என்று 2023 சனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலட்சம் குடும்பங்களின் விபரம் கையிலிருந்தும், செயற்பட வேண்டிய எச்சரிக்கை செயலற்றுக் கிடந்தது. மக்களைப் பட்டியலிடுவது வேறு, மக்களைக் காப்பது வேறு.

அரசு மாத்திரமே இன்று இடாப்பு எழுதுகிறது என்றும் எண்ணிவிடலாகாது. நமது நட்பையும் நோயையும் விருப்பையும் பண்டமாக்கி விற்கும் பெரும் நிறுவனங்கள் கடல் கடந்து இருக்கின்றன. 2018 மார்ச்சில் திகனையிலே முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்டபோது, முகநூலிற் பரவிய பகைமைப் பதிவுகள் அத்தீக்கு நெய்யாயின. 2020 மே மாதத்தில் அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது. அரசின் கை இறுகியும், இலாப வேட்டையின் கை தளர்வின்றியும் இருக்க, இரண்டுக்கும் நடுவே குடிமகன் நிற்கிறான்.

இப்பொழுது, இந்திய அரசின் நிதியுதவியுடன், கைரேகையையும் கண்ணின் கருவிழியையும் பதியும் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டுள்ளது. வரிசையிற் காத்திருப்பதும் கையூட்டும் குறையும் என்று கூறப்படுகிறது. அவை குறைதல் ஏழைக்கு நன்மையே. ஆனால் 1983இல் கும்பலின் கையிலிருந்த இடாப்பு காகிதத்தாலானது. வீதிக்கு வீதி புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. நாளைய இடாப்போ ஒரு விசையைத் தொட்டதும் முழு நாட்டையும் நிரற்படுத்தித் தரும். ஒரு நோக்கத்துக்குத் திரட்டிய தகவலை வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்தலாகாது என்ற கோட்பாடு 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளது. அதே சட்டம் தேசிய பாதுகாப்பு என்ற பெயரால் விதிவிலக்குக்கும் வழிவிடுகிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. பூட்டுக்கு முன்னரே களஞ்சியம் கட்டப்படுவதாயிற்று.

எனவே நாம் கோர வேண்டியவை தெளிவானவை. அந்தரங்க உரிமை அரசியலமைப்பில் அடிப்படை உரிமையாக எழுதப்பட வேண்டும். தரவுகளைக் காக்கும் அதிகார சபை ஆட்சியாளரின் தயவில் இராது சுயாதீனமாக இயங்க வேண்டும். பொலிஸாரோ படையினரோ ஒருவரது தகவலைக் கேட்பின், நீதிபதியின் ஆணையோடு கேட்க வேண்டும். கேட்டமையை அம்மனிதர் பின்னரேனும் அறிய வேண்டும். எழுத்துக்கும் கவிதைக்கும் பயங்கரவாதத்தின் பெயரால் விலங்கிடும் வழக்கம் ஒழிய வேண்டும். இவை தமிழரின் கோரிக்கைகள் மாத்திரமல்ல. வேலைநிறுத்தம் செய்யும் தொழிலாளிக்கும், துண்டுப்பிரசுரம் எழுதும் மாணவனுக்கும், சிறுகதை எழுதும் சிங்களத் தோழனுக்கும் உரியவை. வகுப்பறையிலே நாள்தோறும் இடாப்பைத் திறந்து மாணவரின் பெயரை வாசிப்பவர்கள் நாம். பெயரை நம்பி ஒப்படைத்த பிள்ளைக்கு, அப்பெயரை யார், எதற்காக எழுதுகிறார் என்று கேட்கும் துணிவையும் கற்பித்தல் நம் கடமையாகும்.