களக் கருவிகளின் பதிவேடு: ஆலைக் கருவி மேலாண்மை மென்பொருள் உருவான வரலாறு (1975–2021)

சுத்திகரிப்பு ஆலையிலோ உர ஆலையிலோ கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவர் குழாய்களையும் கொதிகலன்களையும் நேரில் பார்ப்பதில்லை. அழுத்தம், வெப்பம், ஓட்டம், மட்டம் என்று அவர் அறிவதெல்லாம் களத்தில் பொருத்தப்பட்ட டிரான்ஸ்மிட்டர்கள் அனுப்புவதை வைத்துத்தான். பெரிய ஆலை ஒன்றில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டேக் எண், ஓர் அளவீட்டு வரம்பு, கடைசியாக கேலிபரேஷன் செய்த நாள், பழுது பார்த்த வரலாறு உண்டு. இந்த விவரங்கள் எங்கே இருக்கின்றன, யார் கையில் இருக்கின்றன என்பது ஆலையின் பாதுகாப்பையே தீர்மானிக்கும் விஷயம்.

களக் கருவிகளுக்கு நுண்செயலியும் நினைவகமும் 1980களிலேயே வந்துவிட்டன. ஆனால் அவை தம் நிலையைப் பற்றிச் சொன்னதை ஆலைகள் முறையாகக் கேட்டுப் பதியத் தொடங்கப் பத்து, இருபது ஆண்டுகள் பிடித்தன. பல ஆலைகளில் இன்னும் அது முழுதாக நடக்கவில்லை. உணரிகளின் தரம் போதாமல் இந்தத் தாமதம் நேரவில்லை. கருவியின் தகவலை யார் படிப்பது, எந்த வடிவில் அதை விவரிப்பது, எங்கே பதிந்து வைப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் தொழில்துறை மெதுவாகத்தான் விடை கண்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒரே கம்பியில் ஒரே எண்

மின்னணுக் கருவிகளுக்கு முன் ஆலைகளில் காற்றழுத்தமே செய்தி சொன்னது. சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு என்றால் அளவீட்டின் அடிமட்டம், 15 பவுண்டு என்றால் உச்சம். மின்னணுக் கருவிகள் வந்தபோது நிறுவனத்துக்கு நிறுவனம் சமிக்ஞை மாறியது. 10 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை பயன்படுத்தியவர்களும் உண்டு. அமெரிக்கக் கருவியியல் சங்கத்தின் எஸ்50.1 தரநிலை 1975இல் வந்து 4 முதல் 20 மில்லி ஆம்பியர் என்பதை நிலைநிறுத்தியது.

சுழியத்தில் தொடங்காமல் 4இல் தொடங்கியதற்கு இரண்டு பயன்கள். கம்பி அறுந்தால் மின்னோட்டம் சுழியமாகும். அளவு குறைவதையும் கம்பி அறுந்ததையும் பிரித்தறிந்துகொள்ளலாம். அந்த 4 மில்லி ஆம்பியரைக் கொண்டே கருவியும் இயங்கிக்கொள்ளலாம், தனி மின் இணைப்பு வேண்டியதில்லை. பின்னால் வந்தவற்றுக்கெல்லாம் எல்லை வகுத்தது இந்த இரண்டாவது பயன்தான். நுண்செயலி வைத்த டிரான்ஸ்மிட்டரும் அளந்து, கணக்கிட்டு, செய்தி அனுப்பும் வேலை முழுவதையும் ஏறத்தாழ 40 மில்லிவாட் மின்திறனுக்குள் முடித்தாக வேண்டியிருந்தது.

அதே 1975இல் ஹனிவெல்லின் டிடிசி 2000, யோகோகாவாவின் சென்டம் ஆகிய பகிர்வுக் கட்டுப்பாட்டு அமைப்புகள் சந்தைக்கு வந்தன. கண்ட்ரோல் ரூம் கணினிமயமானது. களத்திலிருந்து வரும் கம்பியில் மட்டும் அதே ஒற்றை எண்தான் வந்துகொண்டிருந்தது.

கருவிக்குள் நினைவகம்

ஹனிவெல் 1983இல் வெளியிட்ட எஸ்டி 3000 அழுத்த டிரான்ஸ்மிட்டரை இந்த வரலாற்றின் தொடக்கமாகக் கொள்ளலாம். அதுவரை அளவீட்டு வரம்பை மாற்ற மெக்கானிக் கருவியின் மூடியைத் திறந்து ஜீரோ, ஸ்பேன் என்ற இரண்டு திருகுகளை மாற்றி மாற்றித் திருப்புவார். ஒன்றைத் திருப்பினால் மற்றது நகரும். இரண்டும் ஒத்துவரும் வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். புதிய கருவியிலோ உணரியின் இயல்பைத் தொழிற்சாலையிலேயே பல வெப்பநிலைகளில், பல அழுத்தங்களில் சோதித்து, திருத்தக் கெழுக்களை நினைவகத்தில் ஏற்றிவிடுவார்கள். வரம்பைக் கையடக்கக் கருவி வழியாக எண்ணாகவே மாற்றிக்கொள்ளலாம்.

ரோஸ்மவுன்ட் நிறுவனம் வேறு வழியில் சென்றது. மின்னோட்டத்தைத் தொடாமல், அதன் மேலேயே ஒரு மெல்லிய மாறுதிசைச் சமிக்ஞையை ஏற்றியது. 1200 ஹெர்ட்ஸ் என்றால் ஒன்று, 2200 ஹெர்ட்ஸ் என்றால் சுழியம். தொலைபேசி மோடங்களுக்காக வகுக்கப்பட்ட பெல் 202 முறைதான் இது. வேகம் நொடிக்கு 1200 பிட். ஏற்ற இறக்கத்தின் சராசரி சுழியம் என்பதால் பழைய 4–20 சமிக்ஞை அப்படியே இருக்கும். ‘ஹார்ட்’ என்று பெயர்பெற்ற இந்த நெறிமுறையை 1986இல் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தும்படி திறந்துவிட்டார்கள். 1993இல் அது தனி அறக்கட்டளையின் பொறுப்புக்குப் போனது. ஆலைகள் கம்பியை மாற்றத் தேவையில்லாமல் போனதால்தான் ஹார்ட் பரவியது என்று நினைக்கிறேன். வேகத்தில் அதை மிஞ்சிய, ஃபீல்டுபஸ் எனப்பட்ட முழு டிஜிட்டல் முறைகள் ஒரே தரநிலைக்காக ஆண்டுக்கணக்கில் மோதிக்கொண்டு, கடைசியில் ஐஇசி 61158 என்ற சர்வதேசத் தரநிலையில் 8 வகைகளாகப் பதிவாகிய காலத்தில், ஹார்ட் அமைதியாக ஆலைகளுக்குள் நுழைந்துவிட்டது.

ஆனால் அது சொன்னதைக் கேட்க எதிர்முனையில் ஆளில்லை. அன்றைய கட்டுப்பாட்டு அமைப்புகளின் உள்ளீட்டு அட்டைகள் மின்னோட்டத்தின் சராசரியை மட்டுமே எடுத்தன. மேலே ஏறிவந்த சமிக்ஞையை இரைச்சலோடு இரைச்சலாக வடிகட்டிவிட்டன. கருவி தன் உணரி கோளாறாகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாலும் கண்ட்ரோல் ரூமுக்கு அது போய்ச் சேராது.

மார்ஷலிங் கேபினெட்டின் முன்னால்

அந்தக் காலத்தின் நடைமுறையை அருகிலிருந்து பார்த்தால் சிக்கல் புரியும். மெக்கானிக் வேலை அனுமதிச் சீட்டு வாங்குகிறார். கண்ட்ரோல் ரூமில் சொல்லி அந்தக் கருவி சேர்ந்த கட்டுப்பாட்டுச் சுற்றை, அதாவது லூப்பை, மேனுவலில் போடச் செய்கிறார். இல்லாவிட்டால் வரம்பை மாற்றும் நொடியில் வெளியீடு துள்ளும், வால்வு திறந்துகொள்ளும். பிறகு களக் கம்பிகள் வந்து சேரும் மார்ஷலிங் கேபினெட்டில் உரிய டெர்மினலைத் தேடிப்பிடித்து, கம்யூனிகேட்டர் என்ற கையடக்கக் கருவியின் இரண்டு கிளிப்புகளையும் மாட்டுகிறார். லூப்பில் 250 ஓம் அளவுக்கு மின்தடை இல்லையென்றால் கருவி பதிலே சொல்லாது. தனியாக ஒரு ரெசிஸ்டரைச் செருக வேண்டும். திரையில் வந்த எண்களை நோட்டில் எழுதிக்கொள்கிறார். அந்த நோட்டு அவரோடு போய்விடும்.

இதில் இன்னொரு குழப்பமும் புகுந்தது. வரம்பை மாற்றுவது ஒன்று. உணரியைத் திருத்துவது வேறு. வெளியீட்டு மின்னோட்டத்தைத் திருத்துவது மூன்றாவது. பழைய திருகுகளில் இவையெல்லாம் ஒன்றாகவே நடந்தன. புதிய கருவியில் கம்யூனிகேட்டர் வழியாக வரம்பை எழுதியதும் கேலிபரேஷன் முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணினார்கள். உண்மையான அழுத்தத்தைத் தரமான மூலத்திலிருந்து கொடுத்து ஒப்பிடாதவரை உணரி சரியாக இருக்கிறதா என்பது தெரியாது. வரம்பை எத்தனை முறை எழுதினாலும் உணரியின் பிழை அப்படியே இருக்கும். பராமரிப்புப் பயிற்சிகளில் இதற்கு இன்றைக்கும் போதிய இடம் தரப்படவில்லை என்பது என் கருத்து.

கருவி மேலாண்மை மென்பொருள் வந்தது இந்தச் சூழலில். ஃபிஷர்-ரோஸ்மவுன்ட் 1990களின் நடுவில் ஏஎம்எஸ் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. கேபினெட்டில் மல்டிபிளெக்சர் பொருத்தினால் நூற்றுக்கணக்கான கருவிகளை மேசையிலிருந்தே ஒவ்வொன்றாகக் கேட்கலாம். யார், எந்த நாளில், எந்த மதிப்பை எதுவாக மாற்றினார் என்பது தானாகவே பதிவாகும். திருத்துவதற்கு முன் கருவி காட்டியதும் திருத்திய பின் காட்டியதும் அருகருகே நிற்கும். பல ஆண்டுப் பதிவுகள் சேர்ந்தபின் ஒரு கருவி எவ்வளவு வேகத்தில் விலகுகிறது என்பதும் தெரியவரும். அதைக் கொண்டு கேலிபரேஷன் இடைவெளியை நீட்டவோ குறைக்கவோ முடியும்.

வால்வுகளில் பயன் இன்னும் நேரடியானது. டிஜிட்டல் பொசிஷனர் வால்வை முழுதும் திறந்து மூடும்போது ஆக்சுவேட்டரின் காற்றழுத்தத்தையும் தண்டின் நகர்வையும் ஒரே வரைபடமாகத் தருகிறது. ஏறும் கோட்டுக்கும் இறங்கும் கோட்டுக்கும் உள்ள இடைவெளி உராய்வைக் காட்டும். வால்வு புதிதாக இருந்தபோது எடுத்த வரைபடத்தின் மேல் இன்றையதை வைத்துப் பார்த்தால், பேக்கிங் இறுகியிருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் வால்வைக் கழற்றாமலே தெரியும். ஷட்டவுனில் எல்லா வால்வுகளையும் பணிமனைக்கு அனுப்பிய வழக்கத்தை மாற்றியது இதுதான்.

விவரிக்கும் உரிமை யாருக்கு?

எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கட்டளைகள் ஹார்ட் நெறிமுறையில் உண்டு. ஆனால் ஒரு குறிப்பிட்ட மாடலின் சிறப்பு வசதிகளைப் படிக்க அந்த மாடலின் விவரக்கோப்பு தேவை. இதில் இரண்டு முகாம்கள் உருவாயின. ஒன்று, கருவியின் அளவுருக்களையும் மெனுக்களையும் ஒரு விவரிப்பு மொழியில் எழுதித் தரும் இடிடிஎல். அது பின்னர் ஐஇசி 61804 தரநிலையில் இடம்பெற்றது. மற்றது எஃப்டிடி. இதில் கருவி நிறுவனம் தானே எழுதிய டிடிஎம் என்ற மென்பொருள் துண்டைத் தரும். கணினியில் பிரிண்டருக்கு டிரைவர் நிறுவுவது போன்ற ஏற்பாடு. 2009இல் அது ஐஇசி 62453 ஆனது.

முதலாவதில் எந்த நிறுவனத்தின் கருவியும் ஒரே தோற்றத்தில் திரையில் வரும். பழைய கோப்பு புதிய கணினியிலும் ஓடும். சிக்கலான வரைபடங்களுக்கு மட்டும் அது நெடுங்காலம் போதாமல் இருந்தது. இரண்டாவதில் நிறுவனம் விரும்பியதையெல்லாம் காட்டலாம். ஆனால் விண்டோஸ் பதிப்பு மாறும்போதெல்லாம் எந்த டிடிஎம் ஓடும், எது ஓடாது என்று ஆலைப் பொறியாளர் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும். கருவி 20 ஆண்டுகள் உழைக்கும், கணினி இயங்குதளம் அவ்வளவு காலம் நிற்காது. இந்தப் பொருத்தமின்மையின் சுமை முழுவதும் ஆலையின் தலையில் விழுந்தது. ஜெர்மனியில் 1949இல் தொடங்கிய நாமுர் என்ற பயனர் சங்கம் இதில் ஒரே தீர்வைக் கேட்டு அழுத்தம் தந்தது. இரு முகாம்களும் 2007இல் ஒன்றிணைந்து செயல்பட ஒப்புக்கொண்டன. அதில் பிறந்த எஃப்டிஐ 2015இல் ஐஇசி 62769 ஆக வெளிவந்தது. உடன்பாட்டுக்கும் தரநிலைக்கும் நடுவில் 8 ஆண்டுகள்.

பதியப்படாத பழுதுகள்

இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள பன்ஸ்ஃபீல்ட் எரிபொருள் கிடங்கில் 2005 டிசம்பர் 11 அதிகாலை 912ஆம் எண் தொட்டியில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மணி 3ஐத் தாண்டியதும் மட்டமானி சிக்கிக்கொண்டு ஒரே அளவைக் காட்டியபடி நின்றது. பெட்ரோல் ஏறிக்கொண்டே இருந்தது. உச்சமட்டத்தில் நிரப்புவதை நிறுத்த வேண்டிய தனி சுவிட்சும் வேலை செய்யவில்லை. அதன் சோதனை நெம்புகோலைச் சரியான நிலையில் பிடித்துவைக்க ஒரு பூட்டு மாட்ட வேண்டும். அது எதற்கென்று தெரியாததால் மாட்டவே இல்லை. காலை 6 மணியளவில் வெடிப்பு. உயிரிழப்பு இல்லை, 40 பேருக்கு மேல் காயமடைந்தனர், 20க்கும் மேற்பட்ட தொட்டிகள் எரிந்தன.

விசாரணையில் வெளிவந்த ஒரு விவரம் நம் பொருளுக்கு நேரடியாக உரியது. அந்த மட்டமானி ஆகஸ்ட் 31 முதல் விபத்து நாள் வரை 14 முறை சிக்கியிருந்தது. சில முறை மேற்பார்வையாளர்களே அதை மேலே ஏற்றி இறக்கிச் சரிசெய்தார்கள். சில முறை ஒப்பந்தக்காரர்களை அழைத்தார்கள். சில முறை பழுது பதியப்பட்டது, சில முறை பதியப்படவில்லை. மூல காரணம் கண்டுபிடிக்கப்படவே இல்லை.

அதே ஆண்டு மார்ச் 23இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் நேர்ந்த வெடிப்பில் 15 பேர் இறந்தனர். கோபுரம் நிரம்பி வழியப்போகும் நிலையில், மட்ட டிரான்ஸ்மிட்டர் மட்டம் இறங்குவதாகக் காட்டிக்கொண்டிருந்தது. கேலிபரேஷனுக்கு ஆதாரமான தரவுத்தாள் காலாவதியானது என்பது விசாரணையில் தெரிந்தது. தவறான தரவை மென்பொருளில் ஏற்றினால் தவறுதான் ஒழுங்காகப் பதிவாகும். ஆகவே மென்பொருள் இருந்திருந்தால் இவை நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 14 சிக்கல்களும் ஒரே டேக் எண்ணின் கீழ் ஒரே பக்கத்தில் நின்றிருந்தால், அதைப் பார்ப்பவர் காரணம் கேட்காமல் இருப்பது கடினம்.

எச்சரிக்கைகள் மிகுந்தால் அவையும் கவனிக்கப்படாமல் போகும். மென்பொருள் நிறுவிய ஆலைகளில் கருவிகள் அனுப்பும் செய்திகள் குவிந்து, பயன்படாமல் கிடந்தன. நாமுரின் 2006ஆம் ஆண்டுப் பரிந்துரை என்இ 107 இதற்கு ஒரு வழி காட்டியது: எந்தக் கருவியின் எந்தக் கோளாறும் பழுது, சோதனையில் உள்ளது, வரம்புக்கு வெளியே, பராமரிப்பு தேவை என்ற நான்கில் ஒன்றாக வர வேண்டும். கண்ட்ரோல் ரூமில் இருப்பவருக்கு இந்த நான்கு போதும். உள்விவரம் பராமரிப்புப் பிரிவுக்குப் போகட்டும். இந்தத் துறையில் மிக எளிய, மிகப் பயனுள்ள ஆவணமாக இதையே நான் கருதுகிறேன்.

2007இல் ஹார்ட் நெறிமுறையின் 7ஆம் பதிப்பு கம்பியில்லாத் தொடர்பைச் சேர்த்தது. 2021இல் வந்த ஈதர்நெட்-ஏபிஎல், வெடிப்பு அபாயமுள்ள பகுதிகளுக்கும் இரண்டே கம்பிகளில் நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தைக் கொண்டுசென்றது. ஹார்ட்டின் வேகத்தைப்போல் 8,000 மடங்குக்கும் மேல். ஃபீல்டுபஸ்ஸுக்குப் போட்ட ஏ வகைக் கேபிளையே இதற்குப் பயன்படுத்தலாம் என்பது பழைய ஆலைகளுக்கு வசதி.

கேட்பது எளிதாகும்போது மாற்றுவதும் எளிதாகிறது. கம்பிவழி ஹார்ட் உருவானபோது கட்டளை அனுப்புபவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. கேபினெட்டின் கதவே காவலாக இருந்தது. இன்று ஒரு பொறியியல் கணினியைக் கைப்பற்றியவர் பாதுகாப்பு லூப்பிலுள்ள டிரான்ஸ்மிட்டரின் வரம்பையும் மாற்றிவிட முடியும். ஐஇசி 61511இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு, பாதுகாப்பு அமைப்புகளுக்குக் கணினிப் பாதுகாப்பு இடர் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது இதனால்தான். அத்தகைய கருவிகளில் எழுதுதடை ஜம்பரை மின்னணுப் பலகையிலேயே போட்டு வைக்கிறார்கள். படிக்க மென்பொருள் போதும்; எழுத வேண்டுமானால் அனுமதிச் சீட்டோடு ஒருவர் களத்துக்குப் போய் மூடியைத் திறந்தாக வேண்டும்.